ஒரு சங்கரா செதில்

சுருள் வயரைப் பாம்புபோல் கையில் சுற்றிக்கொண்டு
மைக்கோடு வந்தார் தேசப்பன்.
"செத்துப்போச்சு ரெஜினா.
ராத்திரி பூரா ஒருத்தனும் வாயத் தொறக்கல.
நாப்பது லாஞ்சு கெடக்குது கடல்ல,
ஒரு இருமல் சத்தம்கூட வரல."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
காசிமேட்டில், ஐஸ் பேக்டரிக்கு எதிரே
ஆறுக்கு எட்டு என் கடை.
காலை ஏழு மணியிலிருந்து அங்கே
இவர் பேச்சைத் தவிர வேறு பேச்சே இல்லை.

நான்கு திருகாணி.
நாலாவது துரு, மண்ணெண்ணெய் வைத்துக் காத்திருந்தேன்.
திறந்தால்,
பேசும் பொத்தானுக்கு அடியில்
உப்புப் பூத்த செம்புத் தகட்டின் மேல்
ஒரு சங்கரா செதில்.
இளஞ்சிவப்பு. சுண்டுவிரல் நகம் அளவு.
அமுக்கினது அமுக்கினபடி.

இந்தப் பெட்டிக்கு ஒரு குணம்.
வாய் திறந்திருக்கும்வரை காது அடைத்திருக்கும்.
அனுப்பவும் வாங்கவும் ஒரே ஆன்டெனா,
கொருக்குப்பேட்டை கேட் மாதிரி:
ரயில் போகிறவரை ஆட்டோ நிற்க வேண்டும்.
இவர் ரயில் ராத்திரி ஒன்பதுக்குக் கிளம்பி
விடியற்காலை நாலு வரை போயிருக்கிறது.
"மைக்கை விடுண்ணே!" என்று
கத்தாத லாஞ்சு இல்லை.
கத்தினது அவரவர் கேபினிலேயே விழுந்தது.

அப்புறம் கத்துவதை விட்டுவிட்டார்களாம்.
சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு
பீடி பற்றவைத்தார்களாம்.

டீசல் பாக்கி எவ்வளவு என்று கேட்டார்கள்.
ஏலக்காரனின் பரம்பரையை இவர் ஏழு தலைமுறை திட்டியதைக் கேட்டார்கள்.
வஞ்சிரம் எங்கே நிற்கும் என்று
பதினோரு வருஷமாய் யாருக்கும் சொல்லாத இடத்தை,
ஆழம், பாரு, கரையில் எந்த விளக்குக்கு நேர் எல்லாம்,
ஸ்ராங்குப் பையனுக்கு ரகசியமாய்ச் சொன்னதைக்
கேட்டுக் குறித்தும் வைத்துக்கொண்டார்கள்.
இன்றைக்கே ஆறு லாஞ்சு அந்தப் பக்கம் திரும்பியாச்சு.

பையன் தூங்கிய பிறகு
இஞ்சினிடம் பேசியிருக்கிறார்.
"வலை கிழிஞ்சது நாகூரான் தப்பு இல்லடா.
நான்தான் தூங்கிட்டேன்.
ஊர் முன்னாடி அவன் தலையில போட்டேன்."

நாகூரான் இவர் தம்பி.
இரண்டு வருஷமாய் இவர் லாஞ்சுப் பக்கத்தில்
தன் லாஞ்சைக் கட்டுவதில்லை.
நேற்று அவனும் கடலில்.

செதிலைக் குறடால் எடுத்து
மேஜையில் வைத்தேன்.
"பொத்தான் சிக்கிக்கிச்சு, அவ்ளோதான்."
"அப்ப நான் பேசினது?"
சாலிடர் புகையை ஊதினேன்.
அவரும் மறுபடி கேட்கவில்லை.
செதிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மைக்கை என் மேஜைப் பெட்டியில் சொருகினேன்.
"டெஸ்ட் பண்ணுங்க. பேசிட்டு விட்ரணும்."
அமுக்கினார்.
"தேசப்பன்... தேசப்பன் பேசுறேன். கேக்குதா?"
விட்டார்.

இரைச்சல்.
யாரோ சிரிப்பை அடக்குவது போல ஒரு கிளிக்.
இன்னொரு கிளிக்.
பிறகு, தூரத்து இஞ்சின் சத்தத்தோடு,
"கேக்குது.
ராத்திரியும் கேட்டுச்சு.
ஓவர்."

ஓவரா பேசுறே என்று திட்டத்தான்
இந்தத் துறைமுகத்தில் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன்.
என் முறை முடிந்தது, இனி உன்னுடையது என்று
யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

அவர் கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது.
அமுக்கவில்லை.
வெளியே ஐஸ் உடைக்கும் மிஷின் ஓடத் தொடங்கியது,
கொஞ்ச நேரம் அதுதான் பேசியது.

நாற்பது ரூபாய் கேட்க வேண்டும்.
பிறகு கேட்கலாம் என்று
கடைக்கு வெளியே போய் நின்றேன்.